நோய் தீர்ந்த பின்னும் சிகிச்சை ஏன்?



தொழுநோய்ப் பிரிவில் படுக்கைகள் நிறைந்திருக்கின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை வாசித்த சபை மூப்பர் ஒருவர், வருடந்தோறும் தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர், ஒளிவுமறைவில்லாமல் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். "கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் குணமாகிறது என்று நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மருந்தை முடித்தவர்கள் எதற்காக மறுபடியும் உங்களிடம் வந்து படுத்திருக்கிறார்கள்? மருந்து வேலை செய்யவில்லையா? அல்லது நீங்கள் கணக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறீர்களா?"

கடைசி வாக்கியத்தைப் பார்த்து எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு மனம் கசந்தது. எங்களுக்குக் கசப்பில்லை. பணம் கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு தபால் அட்டையில் பதில் எழுத உட்கார்ந்தோம், அட்டை போதவில்லை. ஆகவே இந்த இதழின் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

சுருக்கமான பதில் இதுதான். மருந்து வேலை செய்கிறது, கிருமி சாகிறது. ஆனால் அந்தப் படுக்கையில் இருப்பவரை வாட்டுவது பெரும்பாலும் கிருமி அல்ல. கிருமியை எதிர்க்க எழும்பின அவருடைய சொந்த உடல்தான். எங்கள் வார்டில் இதை எல்லாரும் 'ரியாக்‌ஷன்' என்றே சொல்கிறோம்.

இதை நாங்கள் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்ட விதம் வெட்கப்பட வேண்டியது. ஏறத்தாழ முப்பது வருடங்களுக்கு முன், வேதசாஸ்திரக் கல்லூரிப் படிப்பை முடித்து ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு கிராமக் கிளினிக்குக்கு மருத்துவக் குழுவோடு போய்வந்துகொண்டிருந்தோம். அங்கே பீடி சுற்றும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கூட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது மாதம். மருத்துவர் வேறொரு ஊருக்குப் புறப்பட்டுப் போன பிறகு எங்களைத் தேடி வந்தார். கன்னத்திலும் முழங்கைப் பக்கத்திலும் இருந்த தேமல் சிவந்து தடித்திருந்தது. "ஐயா, மாத்திரை ரொம்பச் சூடு. தேமல் கூடிட்டு. கை முழங்கையிலேர்ந்து சுரீர் சுரீர்னு இழுக்கு. அத்தை நிறுத்தச் சொல்றாக. நிறுத்திரட்டுமா?" என்று கேட்டார்.

நிறுத்தக் கூடாது என்று சொன்னோம். அது சரியான பதில். பிறகு ஜெபித்தோம், கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னோம், அடுத்த மாதம் மருத்துவர் வரும்போது காட்டலாம் என்று அனுப்பிவைத்தோம். அதுதான் பிழை. அன்று மாலையே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது வலி குறைந்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கம் மடங்கியிருந்தன. பீடி சுற்றுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலையை உருட்டி முனையை மடக்கிச் செருகும் வேலை முழுவதும் விரல்களில் இருக்கிறது. அந்த வீட்டின் வருமானம் அந்த இரண்டு விரல்களோடு போயிற்று.

என்ன நடந்தது என்று மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அதை எங்களுக்குப் புரிந்த அளவில், பின்னால் வாசித்தவற்றையும் சேர்த்து, உங்களுக்குச் சொல்கிறோம்.

தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டார். அது விசித்திரமான கிருமி. விஷத்தைக் கக்கி உடலைத் தாக்குகிற கிருமி அல்ல. ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடலுக்குள் வந்து நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இதை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது; அவர்கள் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தாலும் நோய் வருவதில்லை. எதிர்க்க முடியாத சிலருக்குள் அது தோலிலும், அதைவிட முக்கியமாக நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களிலும் போய்க் குடியேறிச் சத்தமில்லாமல் இருக்கும். முழங்கையில் எதிலாவது இடித்துக்கொண்டால் மின்சாரம் அடித்ததுபோல் சுண்டுவிரல்வரை பாயுமே, அந்த நரம்பு அதற்கு மிகப் பிடித்த வீடு. முழங்காலுக்கு வெளிப்புறம், கணுக்காலுக்கு உட்புறம், முகத்தில் கண்ணை மூடவைக்கிற நரம்பு ஆகியவையும் அப்படியே.

கிருமி குடியிருக்கும்வரை உடல் பலருக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில், சிலருக்கு மருந்து முடிந்த பிறகு, பெண்களுக்குப் பிரசவத்தை அடுத்து. எதிர்ப்புச் செல்கள் படையாகத் திரண்டு கிருமி ஒளிந்திருக்கும் நரம்புக்குள் நுழைகின்றன. நரம்பு வீங்குகிறது. அதைச் சுற்றி இறுக்கமான உறை இருப்பதால் வீங்க இடமில்லை. உள்ளே இரத்த ஓட்டம் நெரிபடுகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். எலி சாகிறது, வீடும் போகிறது. அந்தப் பெண்ணின் தேமல் சிவந்தது நோய் கூடியதால் அல்ல, மருந்தின் சூட்டாலும் அல்ல. அவருடைய உடல் நோயை எதிர்க்கத் தொடங்கியதன் அடையாளம் அது. இப்படிப்பட்ட சமயத்தில் மாத்திரையை நிறுத்தினால் கிருமிக்கு லாபம்; மாத்திரையை மட்டும் கொடுத்து நரம்பைக் கவனியாமல் விட்டால் கை போய்விடும். இரண்டையும் செய்ய வேண்டும்.

1906-ல் வியன்னாவில் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். இன்று நாம் அதைத் தும்மலுக்கும் கத்தரிக்காய் அரிப்புக்கும் பயன்படுத்துகிறோம். அவர் சொன்ன பொருள் அகலமானது: ஒரு அந்நியப் பொருளை ஒருமுறை சந்தித்த உடல், மறுமுறை அதை வேறுவிதமாக எதிர்கொள்கிறது. அந்த மாற்றம் பாதுகாப்பாகவும் இருக்கலாம், கேடாகவும் இருக்கலாம். ஆஸ்துமாவில் இழுப்பும், மூட்டுவாதத்தில் வீக்கமும், தொழுநோய் ரியாக்‌ஷனில் மடங்கிய விரலும் வெவ்வேறு வழியில் வருகிறவைதான். ஆனாலும் மூன்றிலும் காவல்காரன் வீட்டாரையே அடிக்கிறான். மூன்றுக்கும் மருத்துவர்கள் எடுக்கும் மருந்துகளில் ஒன்று பொதுவாக இருப்பதும் அதனால்தான்.

அந்த மருந்தின் பிறப்பை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மூட்டுவாத மருத்துவர் இருந்தார். 1929-ல் ஒரு நோயாளிக்கு மஞ்சள்காமாலை வந்தபோது மூட்டுவலி மறைந்துபோனதைக் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கும் வலி குறைவதைப் பின்னர் பார்த்தார். உடலே ஏதோ ஒன்றைச் சுரந்து வீக்கத்தை அடக்குகிறது என்று எண்ணி, பல வருடம் விடாமல் தேடினார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலார் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்துவைத்திருந்தார். 1948 செப்டம்பரில் அவற்றில் ஒன்றை, படுக்கையில் புரளவும் முடியாதிருந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். கார்ட்டிசோன் என்று அதற்குப் பெயர். 1950-ல் அவ்விருவருக்கும் சுவிட்சர்லாந்தின் ரெய்க்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பரிசு வாங்குவதற்குள்ளாகவே அதன் மறுபக்கமும் தெரியத் தொடங்கியிருந்தது. மருந்தை நிறுத்தினால் வலி திரும்புகிறது. தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது. நோயின் வேரை அது தொடவில்லை, எரிகிறதை அணைத்தது. எங்கள் வார்டில் இன்று கொடுக்கப்படும் பிரட்னிசோலோன் மாத்திரை இதே வம்சம்தான்.

தொழுநோயில் அது கொடுக்கும் பலன் நேரத்தைப் பொறுத்தது. நரம்பு வேலையை இழந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கினால், பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆறு மாதம் தாண்டினால் நம்பிக்கை குறைவு. ஒரு வருடம் கடந்து வருகிறவரிடம் எங்கள் மருத்துவர்கள் மாத்திரையைப் பற்றிப் பேசுவதைவிட அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறார்கள். வழக்கமாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் போலத் தொடங்கி, மெதுமெதுவாகக் குறைத்து, ஏறத்தாழ இருபது வாரத்தில் முடிப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. ஏனென்றால் வெளியிலிருந்து வருகிறதை நம்பி உடலின் சொந்தச் சுரப்பி வேலையை விட்டிருக்கும். தொடங்குமுன் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது மற்ற எதிரிகள் நுழைவார்கள் அல்லவா!

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் வருகிறவர்களில் சிலர் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தாங்களாகவே இந்த மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார்கள். வலி போகிறது, பசி எடுக்கிறது, முகம் 'நன்றாக'த் தெரிகிறது. ஊரில் எல்லாரும் தேறிவிட்டான் என்கிறார்கள். கடைசியில் சர்க்கரையும் குடற்புண்ணுமாக வந்து சேருகிறார்கள்.

இதுவரை சொன்னது ஒருவகை ரியாக்‌ஷன். எதிர்ப்புச் சக்தி ஓரளவு இருக்கிற, நடுநிலையில் நிற்கிற நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வரக்கூடும். மற்றொரு வகை, கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும் கடும் நோயாளிகளுக்கு வருவது. ஈ.என்.எல். என்பார்கள். கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிட்டாலும் அதன் சடலங்கள் தோலிலும் நரம்பிலும் வருடக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி உடல் தன் எதிர்ப்பொருள்களை ஒட்டி ஒட்டி, அந்தக் கலவை இரத்தக் குழாய்களில் படிந்து, அங்கங்கே எரிச்சலைக் கிளப்புகிறது. முகத்திலும் கையிலும் சிவந்த கட்டிகள், தொட்டால் உயிர் போகும் வலி, காய்ச்சல், கண் சிவப்பு, நரம்பு வீக்கம், ஆண்களுக்கு விரைவீக்கம். அடங்கும், பிறகு வரும். இரண்டு மூன்று வருடம் இப்படி வந்துவந்து போகிறவர்களை அறிவோம். மூப்பர் ஐயா கேட்ட படுக்கைகளில் பாதிக்கு மேல் இவர்கள்தான். மருந்தை முடித்தவர்கள், பிறருக்குத் தொற்றாதவர்கள், அரசாங்கப் பதிவேட்டில் குணமானவர்கள்.

இவர்களுக்கும் முதலில் பிரட்னிசோலோன்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதையே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது துணை குளோஃபசிமின். 1950-களில் டப்ளின் நகரில் காசநோய்க்காகச் செய்யப்பட்டது. அதற்கு அன்று பயன்படவில்லை. 1962-ல் நைஜீரியாவில் மிஷனரி மருத்துவர் ஸ்டான்லி பிரௌன் தொழுநோய்க்கு அது உதவுவதை எழுதினார். ரியாக்‌ஷனையும் அது தணிக்கிறது என்பதைப் பின்னர் கண்டார். அதன் குறை, தோலைக் கறுஞ்சிவப்பாக்கிவிடும். பலன் தெரிய வாரக்கணக்காகும். மணமாகாத பிள்ளைகள் இதனாலேயே மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பதைப் பார்த்திருக்கிறோம். அவர்களைக் கண்டிக்க எங்களுக்கு மனம் வந்ததில்லை. நோயை மறைக்கத்தானே மருந்துக்கு வந்தார்கள். மருந்தே ஊருக்குக் காட்டிக்கொடுத்தால்?

மூன்றாவது மருந்தின் பெயரைக் கேட்டால் உங்களில் வயதானவர்கள் திடுக்கிடுவார்கள். தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கமாத்திரையாக விற்பனைக்கு வந்தது. அபாயமற்றது என்று விளம்பரம் செய்தார்கள். பல நாடுகளில் கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்டார்கள். கைகால் வளராமல் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன, பல இறந்தன. ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மக்பிரைட் என்ற மருத்துவர்கள் எச்சரித்த பின் 1961 நவம்பரில் ஜெர்மனியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், அத்தாட்சி போதாது என்று சொல்லி, கம்பெனியின் நெருக்குதலுக்கு அசையாமல் அனுமதியைக் கொடுக்காமலே வைத்திருந்தார். அதனால் அங்கே பெரும் அழிவு தவிர்க்கப்பட்டது.

உலகம் சபித்துத் தள்ளிய அந்த மாத்திரையை 1964-ல் எருசலேமில் யாக்கோபு ஷெஸ்கின் என்ற தொழுநோய் மருத்துவர், ஈ.என்.எல். வலியால் தூங்க முடியாதவர்களுக்குக் கொடுத்தார். தூங்கட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் அவருக்கு இல்லை. ஓரிரு நாட்களில் கட்டிகள் அடங்கின, காய்ச்சல் நின்றது. 1965-ல் அதை எழுதி வெளியிட்டார். ஏன் அப்படி நடந்தது என்பது நெடுங்காலம் புரியவில்லை. 1991-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கில்லா கேப்லனும் அவரோடிருந்தவர்களும், வீக்கத்தைத் தூண்டுகிற டி.என்.எஃப். என்ற பொருளை இம்மருந்து குறைக்கிறது என்று காட்டினார்கள். 1998-ல் அமெரிக்க அரசு ஈ.என்.எல்.-க்கு மட்டும், கடும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. அடுத்த ஆண்டில் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் அது பயன்படுவதாக ஆய்வு வந்தது. குழந்தைகளுக்குச் செய்த கேட்டின் வழி, 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செரிபிளான் என்ற புரதத்தைக் கண்டபோதுதான் தெரியவந்தது. ஷெஸ்கினின் ஏழை நோயாளிகள் தூங்கினதில் தொடங்கிய காரியம் எங்கே போயிற்று பாருங்கள்!

ஆனாலும் இதைக் கொண்டாட எங்களுக்குத் தயக்கம். தொழுநோய்க்காக இதை வழங்கிவந்த பிரேசில் நாட்டில், உலகம் பாடம் கற்றுக்கொண்டதாக எண்ணிய காலத்துக்குப் பிறகும், ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. அக்கம்பக்கத்தில் மாத்திரையைப் பகிர்ந்துகொள்வது நம் கிராமங்களிலும் வழக்கம்தான். எங்கள் மருத்துவர்கள் பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் எண்ணிக் கொடுத்து, வெறும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் ஈ.என்.எல். வந்த இளம் தாய்க்கு என்ன செய்வது? மூட்டுவாதத்துக்குப் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் இங்கே உதவுமா என்று இந்தியா உட்படப் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ச்சி தொடங்கியிருக்கின்றன. இப்போதைக்கு அவர்களுக்கு பிரட்னிசோலோனும் குளோஃபசிமினும் படுக்கையும்தான்.

இங்கே வேதபாடம் கற்றவர்கள் என்ற முறையில் ஒரு வார்த்தை. லேவியராகமத்தில் குஷ்டரோகம் என்று நம் தமிழ் வேதாகமம் சொல்லும் சொல், அங்கே ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுகிற கறைக்கும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வராது. பலவிதத் தோல் மாற்றங்களுக்கும் பூஞ்சணத்துக்கும் பொதுவான பழைய சொல் அது. அந்த அதிகாரங்களை வாசித்துவிட்டு இந்த நோயாளிகளை ஆலயத்தின் பின்வரிசையில் உட்காரவைக்கிற சபைகள் இன்றும் உண்டு. அங்கே பிரசங்கம் செய்யப் போகும்போது இதை நாங்கள் சொல்லாமல் வருவதில்லை. விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதும் அதுபோலத்தான். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாத கையில் ஏற்படும் தீக்காயமும் வெட்டும்தான் விரலைத் தின்கின்றன என்று காட்டினார். மடங்கிய விரல்களை வேறு தசைநாணைக் கொண்டு நிமிர்த்தும் அறுவையையும் அங்கே வளர்த்தார். எங்கள் பீடிக்காரப் பெண்ணுக்குப் பின்னால் அந்த அறுவை நடந்தது. விரல்கள் நிமிர்ந்தன, உணர்ச்சி திரும்பவில்லை. பீடித் தட்டை அவர் மறுபடி எடுக்கவில்லை.

இந்தியா 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியது. அதோடு நோய் ஒழிந்தது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். காணிக்கைகள் குறைந்ததை எங்கள் பதிவேட்டில் காணலாம். ஆனால் 2023-லும் உலகில் 1,80,000-க்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் நம் நாட்டில்.

மூப்பர் ஐயாவின் கணக்குக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். கூட்டு மருந்துக்கு உங்கள் பணம் செலவாவதில்லை. அது இலவசமாகவே வருகிறது. பிரட்னிசோலோனும் விலை மலிந்த மாத்திரைதான். செலவு வேறு இடத்தில். வாரந்தோறும் வியாழக்கிழமை எங்கள் பிசியோதெரபி அறைக்கு முன்னால் ஒரு பெஞ்சு நிறைந்திருக்கும். சிகிச்சையில் இருப்பவரும் முடித்தவரும் வரிசையாக வருவார்கள். கண்ணை இறுக மூடச் சொல்லுவார்கள். சுண்டுவிரலை வெளியே விரிக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பார்கள். பெருவிரலை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தூக்கி, பாதத்தை மேலே உயர்த்தச் சொல்லுவார்கள். பிறகு கண்ணை மூடவைத்து உள்ளங்கையிலும் பாதத்திலும் பேனா முனையால் மெதுவாகத் தொட்டு, எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுவார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். சென்ற மாதம் தெரிந்த இடம் இந்த மாதம் தெரியவில்லையென்றால் அன்றைக்கே அவருக்குப் படுக்கை. அதைச் செய்கிற இரண்டு பேருக்குச் சம்பளம், வருகிறவருக்குப் பேருந்துச் செலவு, இருபது வாரம் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கும் செலவு, கைக்கு இரவில் கட்டும் தாங்கி, பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு, வார்டில் மூன்று வேளைச் சாப்பாடு. கூலி வேலையை விட்டுப் படுத்திருப்பவர் வீட்டுக்கு அரிசியும் சில மாதங்களில் உண்டு. சென்ற ஆண்டுக் கணக்கின் நகலை மூப்பர் ஐயாவுக்குத் தனியே அனுப்பியிருக்கிறோம். வேறு யாராவது விரும்பினாலும் எழுதுங்கள்.

உங்கள் சபையிலோ தெருவிலோ இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர், சாப்பிட்டு முடித்தவர் யாராவது இருந்தால், பழைய தேமல் சிவந்திருக்கிறதா, புதிதாக வலிக்கிற கட்டி உண்டா, சோற்றைப் பிசையும்போது கை தடுமாறுகிறதா, செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்றுவிடுகிறதா, தூங்கும்போது ஒரு கண் மூடாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் அடுத்த மாதக் கிளினிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையானாலும் அனுப்பிவையுங்கள்; வார்டில் எப்போதும் ஒரு சிஸ்டர் இருப்பார்.